வாடிக்கையாளரின் செல்போனில் சிறுமியின் வீடியோ: அழிப்பதா, புகார் கொடுப்பதா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற வந்த ஒரு போனைச் சோதித்துப் பார்த்தபோது, சிறுமி ஒருத்தியைத் தகாத முறையில் படம்பிடித்த வீடியோ கண்ணில் பட்டது. போனுக்கு உரியவர் பாகூர்க்காரர். அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? புகார் கொடுத்தால் நான் மாட்டிக்கொள்வேனா? இதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமா, புதுச்சேரிச் சட்டமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த வீடியோ, முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் சாட்சியம். அதை அழித்தால் குற்றவாளிக்குத்தான் நன்மை. இத்தகைய பதிவுகளைக் 'குழந்தை ஆபாசப் படம்' என்று சொல்வதே தவறு, குழந்தை மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் கூறியதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜனவரியில் ரத்து செய்திருந்த ஒரு வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்த தீர்ப்பு அது.

பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மத்தியச் சட்டம். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. குழந்தையைச் சித்தரிக்கும் இத்தகைய பதிவைப் பகிரும் நோக்கத்துடன், அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே 15ஆவது பிரிவின்படி குற்றம். வணிக நோக்கம் இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மாநிலச் சட்டம் என்று பார்த்தால், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டத்தில், அதாவது 'குண்டர் சட்டம்' என்று மக்கள் சொல்வதில், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாலியல் குற்றவாளிகளும் இணையவழிக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர். அது தடுப்புக் காவலுக்கு வழி செய்வது. தண்டனை தருவது போக்சோ முதலான சட்டங்களே.

உங்களைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. மறைத்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்றும் அதே 19ஆவது பிரிவு உறுதி தருகிறது. ஆகவே உங்களுக்கு ஆபத்து பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அந்த வீடியோவை மீண்டும் திறக்கவோ, உங்கள் கணினியில் நகலெடுக்கவோ, ஆதாரத்துக்கென்று நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவோ வேண்டாம். நல்லவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பரப்பினால் நீங்களும் குற்றவாளியாகிவிடக்கூடும். போன்காரரிடம் விசாரிக்கவும் வேண்டாம். அவர் வருவதற்கு முன், இன்றே, அந்தப் போனுடன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, எந்தக் கருவியில் எதைக் கண்டீர்கள் என்ற விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். அச்சிறுமி உங்கள் ஊர்ப் பிள்ளை என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் உடனே அழையுங்கள், ஆனால் அவளது பெயரை வேறு எவரிடமும் சொல்லாதீர்கள்.

'இது புதுச்சேரி எல்லை' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். போக்சோ தகவலைப் பதிய மறுக்கும் காவலருக்கும் அதே 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். போனைக் கைப்பற்றியதாகக் காவல்துறை எழுதும் மகஜர் என்ற ஆவணத்தின் நகலும், அந்தப் போன் உங்கள் கடைக்கு வந்த நாளைக் காட்டும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.