வாசகர் கேள்வி – பதில்: ஜிடிபி யாரிடம் எந்த மொழியில் பேசுகிறது?

பர்கூர், ஓசூர், பாலக்கோடு, அரூர் என்று நம்ம பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: ஜிடிபி, அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை கண்டுபிடிக்க உதவும் டீபக்கர். கேட்ட விதம்தான் வேறு வேறு, அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே போடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

அண்ணா, பர்கூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டெர்மினலில் ஜிடிபி திறந்து 'இன்ஃபோ ரிஜிஸ்டர்ஸ்' அடித்தால் பிராசஸருக்குள் இருக்கும் ரிஜிஸ்டர்களின் மதிப்புகள் வருகின்றன. அதையே விஎஸ் கோடு எடிட்டரின் டீபக் கன்சோலில் அடித்தால், 'மைனஸ் வார் கிரியேட்: வேரியபிள் ஆப்ஜெக்ட் உருவாக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு எரர். உள்ளே ஓடுவது அதே ஜிடிபிதானே?

அதே ஜிடிபிதான் தம்பி. ஆனால் அதனிடம் நீங்கள் பேசவில்லை, விஎஸ் கோடின் சி++ எக்ஸ்டென்ஷன் பேசுகிறது. அது பேசும் மொழியும் வேறு.

ஜிடிபிக்குள் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வைப்பது, மெமரி படிப்பது, த்ரெட்களை (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகளை) கவனிப்பது எல்லாம் செய்யும் இன்ஜின் ஒன்றுதான். நாம் தரும் கட்டளையை வாங்கி அந்த இன்ஜினுக்குப் புரிய வைத்து, பதிலை ஒரு வடிவத்தில் திருப்பித் தருகிற பகுதிக்கு கமாண்ட் இன்டர்பிரெட்டர் என்று பெயர், அதுதான் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மனிதர் வாசிக்க 'கன்சோல்'. மற்ற புரோகிராம்கள் வாசிக்க 'எம்ஐ', அதாவது மெஷின் இன்டர்ஃபேஸ். டெர்மினலிலேயே சோர்ஸ் கோடு ஜன்னலோடு வருவது 'டியுஐ'. 2023-ல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து 'டிஏபி' (டீபக் அடாப்டர் புரோட்டோகால், எடிட்டர்கள் டீபக்கரோடு பேசும் பொது நெறிமுறை) என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எது வேண்டும் என்பதை ஜிடிபியைத் தொடங்கும்போதே 'இன்டர்பிரெட்டர்' என்ற ஆப்ஷனில் சொல்லிவிடலாம், ஒன்றும் சொல்லாவிட்டால் கன்சோல்தான் வரும்.

உங்கள் எக்ஸ்டென்ஷன் ஜிடிபியை எம்ஐ-யில் தொடங்குகிறது. டீபக் கன்சோலில் நீங்கள் எதை அடித்தாலும் அது ஒரு சி++ எக்ஸ்பிரஷன் (மதிப்பு கணக்கிடக்கூடிய கோவை) என்றே எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ள 'வார் கிரியேட்' என்ற எம்ஐ கட்டளையை அனுப்புகிறது. 'இன்ஃபோ ரிஜிஸ்டர்ஸ்' எக்ஸ்பிரஷன் இல்லையே, அதனால் எரர். எரரின் முதல் வார்த்தையைப் படித்திருந்தாலே யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பது தெரிந்திருக்கும், பலரும் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

தீர்வு சின்னது. கட்டளைக்கு முன்னால் ஒரு மைனஸ் குறியை ஒட்டி 'எக்ஸெக்' என்று சேர்த்து, இடம் விட்டு, அப்புறம் 'இன்ஃபோ ரிஜிஸ்டர்ஸ்' அடியுங்கள். அந்த ஒரு கட்டளை மட்டும் கன்சோல் இன்டர்பிரெட்டர் வழியாக ஓடும், அடுத்த வரியிலிருந்து எல்லாம் பழையபடி எம்ஐ. புரோகிராம் நின்றிருக்கும்போது இதைச் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் மறுத்துவிடும். இன்னொன்று, இந்த வழியில் பிரேக்பாயின்ட் வைத்தால் ஜிடிபிக்குள் அது நிச்சயம் விழுந்துவிடும், ஆனால் எடிட்டர் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வருவது எடிட்டரின் பொறுப்பு, அதை நம்பியிருக்க வேண்டாம். பார்ப்பதற்கான கட்டளைகளை இந்த வழியில் கேளுங்கள், பிரேக்பாயின்ட் போன்றவற்றை எடிட்டரின் பட்டன்களிலேயே செய்யுங்கள்.

ஐயா, ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் போர்டு டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். இரவில் தானாக ஓடும் டெஸ்டில், ஜிடிபி திரையில் போடுவதை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வரி வரியாகப் படித்து, புரோகிராம் எந்த ஃபங்ஷனில் நின்றது என்று எடுக்கும். கம்ப்யூட்டருக்குப் புது உபுண்டு லினக்ஸ் போட்டதும் ஸ்கிரிப்ட் தவறான பதில் தருகிறது. ஜிடிபியில் பிழையா?

ஜிடிபியில் பிழை இல்லை. கன்சோல் இன்டர்பிரெட்டர் தரும் பதில் மனிதக் கண்ணுக்கானது, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று அதன் வாசகத்தையும் இடைவெளியையும் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள், அப்படி மாற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த எழுத்தை ஸ்கிரிப்டால் வெட்டி வெட்டிப் படிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எம்ஐ இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

எம்ஐ-யில் ஒவ்வொரு பதில் வரியின் முதல் குறியும் அது என்ன வகை என்று சொல்லிவிடும். கேரட் குறியில் தொடங்கினால் நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: 'டன்', 'ரன்னிங்', 'எரர்' இப்படி. நட்சத்திரக் குறி என்றால் புரோகிராமின் நிலை மாறியிருக்கிறது, 'ஸ்டாப்டு' என்று வந்து, ஏன் நின்றது, எந்த ஃபிரேமில் (ஃபங்ஷன் அழைப்பில்), எந்த ஃபங்ஷனில் என்பதெல்லாம் பெயர் போட்ட ஃபீல்டுகளாகக் கூடவே வரும். நீங்கள் தேடுவது இந்த வரியைத்தான். சமக் குறி என்றால் புது த்ரெட், புது பிரேக்பாயின்ட் மாதிரியான தகவல். டில்டே குறி போட்டு வருவது கன்சோலில் காட்டுவதற்கான வெறும் எழுத்து, உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தொடவே வேண்டாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி ஒன்று உண்டு. கட்டளைக்கு முன்னால் ஒரு எண்ணை ஒட்டி அனுப்பலாம், 12 என்று போட்டு அனுப்பினால் அதற்கான பதிலும் 12 என்றே தொடங்கி வரும். இரவெல்லாம் ஓடும் டெஸ்டில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற குழப்பமே இருக்காது. தினமும் விடியற்காலையில் லாக் ஃபைலை உட்கார்ந்து பிரிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எம்ஐ பதிலைப் பிரித்துத் தர 'பைஜிடிபிஎம்ஐ' என்ற இலவச பைத்தான் லைப்ரரியும் இருக்கிறது, நீங்களே பார்சர் எழுத வேண்டாம்.

எம்ஐ-க்கும் பதிப்பு உண்டு, அதைக் கட்டாயம் கவனியுங்கள். வெறும் 'எம்ஐ' என்று கேட்டால் அந்த ஜிடிபியிடம் இருக்கிற ஆகப் புதிய எம்ஐ கிடைக்கும், அப்புறம் அடுத்த உபுண்டு மாற்றத்தில் இதே தலைவலி திரும்ப வரும். 'எம்ஐ2', 'எம்ஐ3' என்று எண்ணோடு கேளுங்கள். மூன்றாவது பதிப்பு ஜிடிபி 9.1-ல் வந்தது. ஒரே பிரேக்பாயின்ட் பல இடங்களில் விழும்போது (டெம்ப்ளேட், இன்லைன் ஃபங்ஷன் எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்) பதிலின் இலக்கணம் முன்பு ஒழுங்கில்லாமல் இருந்தது, அதைச் சரி செய்தார்கள். நான்காவது 13.1-ல் வந்தது, பிரேக்பாயின்டோடு இணைத்த கட்டளைகளைத் தரும் 'ஸ்கிரிப்ட்' ஃபீல்டை லிஸ்டாக மாற்றினார்கள். உபுண்டு 20.04-ல் இருப்பது ஜிடிபி 9.2, 22.04-ல் 12.1. ஆக இந்த இரண்டிலும் மூன்று கிடைக்கும், நான்கு கிடைக்காது. டெஸ்ட் கம்ப்யூட்டர்கள் கலவையாக இருந்தால் மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் தர்மபுரியில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு சி சொல்லித் தருகிறேன். கன்சோலில் தொடங்கி, பாதியில் எம்ஐ-க்கு மாறி, மறுபடி கன்சோலுக்கு வருவதை வகுப்பில் காட்ட ஆசை. மாற்றுவதற்கான கட்டளை எது?

அப்படி ஒரு கட்டளை இல்லை மேடம், வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. காரணத்தை ஜிடிபி மேனுவலே சொல்கிறது: ஒரு ஐடிஇ (எடிட்டரும் டீபக்கரும் சேர்ந்த மென்பொருள்) எம்ஐ வழியாக ஜிடிபியோடு பேசிக்கொண்டிருக்கிறது, அதன் கன்சோல் ஜன்னலில் யாரோ ஒருவர் 'கன்சோலுக்கு மாறு' என்று அடித்துவிட்டால், அடுத்த நொடியிலிருந்து ஐடிஇ எதிர்பார்க்கும் வடிவத்தில் ஒரு பதிலும் வராது, மொத்தமும் செயலிழந்துவிடும். இந்த முடிவு ரொம்பச் சரி என்பதுதான் என் கருத்து.

ஆனால் நீங்கள் காட்ட நினைப்பதைக் காட்ட இரண்டு வழி இருக்கிறது, இரண்டுமே பாதியில் மாறுவதை விட நல்ல பாடம்.

முதல் வழி, 'இன்டர்பிரெட்டர்-எக்ஸெக்'. கன்சோலில் இந்தக் கட்டளையை அடித்து, 'எம்ஐ' என்று சொல்லி, மேற்கோள் குறிக்குள் மைனஸ் போட்டு 'பிரேக்-லிஸ்ட்' கொடுங்கள். பிரேக்பாயின்ட் பட்டியல் எம்ஐ வடிவத்தில் திரையில் விழும். உடனே கீழே 'இன்ஃபோ பிரேக்பாயின்ட்ஸ்' அடித்தால் அதே பட்டியல் மனித வடிவத்தில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும். விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன் செய்வதும் இதையே எதிர்த்திசையில்தான். உள்ளே நடப்பது என்னவென்றால், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் வேறு இன்டர்பிரெட்டரை உட்கார வைத்து, வேலை முடிந்ததும் (எரர் வந்தாலும் சரி) பழையதைத் திரும்ப வைத்துவிடுகிறது. இது நடக்க வேண்டும் என்றால் எல்லா இன்டர்பிரெட்டரும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். தொடங்கு, இடைநிறுத்து, மறுபடி எழு, இந்தக் கட்டளையை ஓட்டு என்கிற மாதிரி சில ஃபங்ஷன்களை ஒவ்வொன்றும் தந்தாக வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். சோர்ஸில் 'இன்டர்ப்ஸ்' என்ற ஃபைலில் இது இருக்கிறது, முதலில் எழுதியவர் ஆப்பிள் நிறுவனப் பொறியாளர் என்று ஃபைலின் தலையிலேயே குறிப்பு உண்டு. சி++ தெரிந்த மாணவர் இருந்தால் அந்த ஃபைலைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள், பேஸ் கிளாஸ், விர்ச்சுவல் ஃபங்ஷன் எல்லாம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

இரண்டாவது வழி 'நியூ-யுஐ', 2016-ல் 7.12-ஆம் பதிப்பில் வந்தது. ஒரே ஜிடிபிக்கு இரண்டு டெர்மினல், ஒன்றில் கன்சோல், இன்னொன்றில் எம்ஐ, இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். இரண்டாவது டெர்மினலில் 'டிடிஒய்' என்று அடித்தால் அதன் பெயர் வரும், 'டெவ்', 'பிடிஎஸ்', கடைசியில் ஒரு எண் என்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதே டெர்மினலில் 'ஸ்லீப்' கட்டளையை ஒரு பெரிய எண்ணோடு ஓட விடுங்கள். இதை விட்டுவிட்டால் அங்கே காத்திருக்கும் ஷெல்லும் ஜிடிபியும் ஒரே கீபோர்டைப் படிக்கப் போட்டி போட்டு, நீங்கள் அடிக்கும் எழுத்தில் பாதி அங்கே பாதி இங்கே என்று போய்விடும். அப்புறம் முதல் டெர்மினலில், ஜிடிபிக்குள், 'நியூ-யுஐ', 'எம்ஐ', குறித்து வைத்த பெயர், மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். இனி கன்சோலில் ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள், எம்ஐ பக்கத்தில் சமக் குறியோடு தகவல் வந்து விழுவதை வகுப்பே பார்க்கலாம். எக்லிப்ஸ் ஐடிஇ-யில் முழு ஜிடிபி கன்சோல் கிடைப்பதும் இந்த வசதியால்தான்.

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். கன்ட்ரோல் எக்ஸ், பிறகு ஏ அழுத்தினால் கோடு ஜன்னல் வருகிறது, நன்றாக இருக்கிறது. என் புரோகிராம் எதையாவது பிரின்ட் செய்ததும் திரை முழுக்கக் கலைந்துவிடுகிறது.

அதுதான் டியுஐ. கன்சோலுக்கும் டியுஐ-க்கும் இடையில் மட்டும் இப்படிப் போய் வரலாம், எம்ஐ-யில் தொடங்கிய ஜிடிபியில் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடும். திரை கலைந்தால் கன்ட்ரோல் எல் அழுத்துங்கள், மறுபடி வரைந்துவிடும். அடிக்கடி நடந்தால் இன்னொரு டெர்மினலைத் திறந்து, ஜிடிபிக்குள் 'செட் இன்ஃபீரியர்-டிடிஒய்' என்று அந்த டெர்மினலின் பெயரைக் கொடுத்து, அப்புறம் 'ரன்' செய்யுங்கள். புரோகிராமின் பிரின்ட் எல்லாம் அங்கே போய்விடும், இந்தத் திரையை யாரும் தொட மாட்டார்கள்.

ஜிடிபிக்குள் 'பைத்தான்' என்று அடித்தால் பைத்தான் ஓடுகிறதே, அதுவும் இன்னொரு கமாண்ட் இன்டர்பிரெட்டரா? – அரூர் வாசகி

இல்லை. பைத்தான் ஜிடிபியை உள்ளிருந்து நீட்டிக்கும் மொழி, கட்டளை வாங்கும் இடத்தில் அது உட்காரவில்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் நன்றாக இருக்கும். பைத்தானிலிருந்து 'ஜிடிபி.எக்ஸிக்யூட்' வழியாகக் கன்சோல் கட்டளையை ஓட்டி, பதிலை ஸ்ட்ரிங்காக வாங்கலாம். 12-ஆம் பதிப்பிலிருந்து சொந்தமாக எம்ஐ கட்டளையையே பைத்தானில் எழுதலாம். 14-லிருந்து 'எக்ஸிக்யூட்_எம்ஐ' வந்துவிட்டது, எம்ஐ பதில் நேராக பைத்தான் டிக்ஷனரியாகவே கையில் கிடைக்கும், பிரிக்கிற வேலையே இல்லை. மேலே எழுதிய ஓசூர்க்காரரும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

எம்ஐ கற்றுக்கொள்வதா, டிஏபி கற்றுக்கொள்வதா? ஊத்தங்கரையில் வீட்டிலிருந்தபடி சின்னதாக ஒரு எடிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எடிட்டர் எழுதுகிறீர்கள் என்றால் டிஏபி. அதில் போவதும் வருவதும் ஜேசான் என்ற எழுத்து வடிவம், ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் இருக்கும், அவ்வளவுதான். ஒருமுறை எழுதிவிட்டால் எல்எல்டிபி உட்பட டிஏபி பேசும் மற்ற டீபக்கர்களோடும் உங்கள் எடிட்டர் வேலை செய்யும், எம்ஐ-யில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ஜிடிபியின் டிஏபி பைத்தானில் எழுதப்பட்டது, அதனால் பைத்தான் சேர்த்து பில்டு செய்த ஜிடிபியாக இருக்க வேண்டும், பதிப்பு 14 அல்லது அதற்கு மேல். உபுண்டு 22.04-ல் இருக்கும் 12.1-ல் அது இல்லை, புதிய ஜிடிபியை சோர்ஸிலிருந்து பில்டு செய்யுங்கள், 'கான்ஃபிகர்' ஓட்டும்போது 'வித்-பைத்தான்' ஆப்ஷனை மறக்காமல் கொடுங்கள்.