புதிய பிராசசரின் அறிமுக ஸ்லைடில் காட்டும் சதவீதத்தை நம்பி, கையிலிருக்கும் ஏஎம்டி ரைசன் 7800எக்ஸ்3டி பிராசசரை இப்போதே விற்கலாமா?

விற்காதீர்கள். கேமுக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், புதிய பிராசசரின் விமர்சனங்கள் வரும்வரை பொறுங்கள்.

ஸ்லைடில் போடும் சதவீதம் பல சோதனைகளின் சராசரி. 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி சொன்னது 16% ஐபிசி (ஒரு கடிகாரத் துடிப்பில் பிராசசர் முடிக்கும் வேலை) உயர்வு. ஆனாலும் கேம்களில் அந்த வரிசையின் 9700எக்ஸ் உங்கள் 7800எக்ஸ்3டியை எட்டவில்லை. 9700எக்ஸில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, உங்களுடையதில் 96. உங்களுடையது அருமையான சிப், அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம், விசிங்கை (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமில் ரெசல்யூஷனை மட்டும் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள்) நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். பிராசசரை மாற்றிப் பலனில்லை.

வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் வார விமர்சன எண்களும் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கொஞ்சம் மாறலாம்.