க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

அலுவலக வேலையாக ஜோகன்னஸ்பர்க் வரும்போது, மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் வனவிலங்குப் பூங்காவான க்ரூகருக்குப் போக நினைக்கிறேன், இரண்டு இரவுகள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மூன்று இரவுகள் இருந்தால் போகலாம். நான்கு இருந்தால் நிறைவாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் தெற்கு வாயில்களுக்குப் போகவே நான்கைந்து மணி நேரம் ஆகும். போகும் நாளும் திரும்பும் நாளும் சாலைக்கே சரியாகிவிடும். இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள்.

பூங்காவின் அளவைக் கேட்டுப் பலரும் மலைத்துப்போகிறார்கள். வடக்கு தெற்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளம், 19,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. ஆனால் உங்கள் திட்டத்தைத் தீர்மானிப்பவை பரப்பளவை விட வேக வரம்பும் வாயில் நேரமுந்தான். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40. அதைத் தாண்டக் கூடாது. யானைக் கூட்டம் சாலையைக் கடந்தால் காத்திருக்க வேண்டும். எனவே மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே இருக்கும் ஸ்குகூஸா தங்கும் முகாமிலிருந்து நடுப்பகுதியில் இருக்கும் ஸட்டாரா முகாம் 90 கிலோமீட்டர்தான் என்றாலும் அரை நாள் போய்விடும். மாலையில் முகாம் வாயில் மூடுவதற்குள் உள்ளே வந்தாக வேண்டும், தாமதித்தால் அபராதம். மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், குளிர்காலத்தில் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

அதனால் நாட்களை நீட்ட முடியாவிட்டால் வரைபடத்தைச் சுருக்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. முதல் முறை வருபவர் பூங்காவின் நடுவே ஓடும் ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே போகவே வேண்டாம். அங்கே பெரும்பகுதி மோப்பேன் மரக்காடு. யானைகள் உண்டு, பறவைகள் ஏராளம், கடைக்கோடியில் பஃபூரிப் பக்கம் பெருக்க மரங்களும் லிம்போப்போ ஆறும் அத்தனை அழகு. ஆனால் சிங்கமும் காண்டாமிருகமும் காணும் வாய்ப்பு தெற்கைவிடக் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் கிடைத்தால் மட்டும் வடக்கைச் சேருங்கள்.

நான்கு இரவுகள் என்றால் என் பரிந்துரை இதுதான்: என்4 நெடுஞ்சாலை வழியாக வந்து க்ரோகடைல் பிரிட்ஜ் வாயிலில் நுழையுங்கள். அங்கிருந்து லோயர் சாபி முகாம் சுமார் 35 கிலோமீட்டர். பயணக் களைப்போடு நெடுந்தூரம் ஓட்ட வேண்டியதில்லை. அங்கே இரண்டு இரவுகள். முகாமை ஒட்டியே சன்செட் அணை இருக்கிறது. நீர்யானைகளும் முதலைகளும் காருக்குப் பக்கத்திலேயே தெரியும். மறுநாள் விடியலில் சாபி ஆற்றோரமாக ஸ்குகூஸா போகும் எச்4-1 சாலையில் மெதுவாகப் போங்கள். சிறுத்தையைத் தேட எனக்கு மிகவும் பிடித்த சாலை அது. நடுப்பகலில் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும்; நீங்களும் முகாமுக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். குழந்தைக்கு அது மிகவும் அவசியம், காரைவிட்டு இறங்கக் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே அனுமதி உண்டு.

அடுத்த இரண்டு இரவுகள் ஸட்டாராவில். பூங்காவின் கிழக்குப் பாதி எரிமலைப் பாறை மண்; அதில் சத்தான புல் விளைகிறது. புல்லைத் தேடி வரிக்குதிரையும், மாடு போன்ற பெரிய மானான வில்ட்பீஸ்டும் வருகின்றன, அவற்றின் பின்னால் சிங்கங்கள். எஸ்100 மண் சாலையில் காலை முதல் ஆளாக நுழையப் பாருங்கள். கடைசி நாள் ஓர்பன் வாயில் வழியாக வெளியேறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஒவ்வோர் இரவும் முகாம் மாறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூட்டை கட்டுவதிலும் அறைச் சாவிக்குக் காத்திருப்பதிலும் விடியற்காலை வீணாகும். ஒரே நீர்நிலைக்குக் காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு காடாக இருக்கும். ஒரு மாலை பூங்காவின் வண்டியிலேயே இரவு உலாவுக்குப் போகலாம், உங்கள் மகளுக்கு அனுமதி உண்டு. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு நடந்து போகும் காலை உலாவுக்கோ 12 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும். விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளி ஆடை வேண்டும். அங்கே கோடையான மற்ற மாதங்களில் வந்தால் புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும். ஆகவே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்குங்கள்.

எப்படியும் இரண்டு இரவுகள்தான் என்றால், இரண்டையும் லோயர் சாபியிலேயே கழியுங்கள். ஸட்டாரா பக்கம் போக ஆசைப்பட வேண்டாம். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அறை இருக்கிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறைகளில் இந்த இரண்டு முகாம்களும் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன.