கல்வியியற் கல்லூரிகள் பல்கலைக்கழகமானால் மலையகப் பாடசாலைகளுக்கு என்ன கிடைக்கும்?

ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிகளைப் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்தினால் விரிவுரையாளர்கள் ஆய்வுக் கட்டுரைகளின் பின்னால் போய்விடுவார்கள், கற்பித்தல் கெடும், சமூகப் பணி பெயரளவில் நிற்கும் என்று சொல்லப்படுகிறதே, இலங்கையின் மலையகத்துக்கு இந்த மாற்றம் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரப் பெறுபேறு கையில் இருக்க, கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பதா என்று தடுமாறும் ஒருவராக உங்களை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

தேவை என்பதே என் பதில். நான் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று, தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்து, இப்போது ஆரம்பக் கல்வி ஆசிரிய மாணவர்களுக்கு விரிவுரையாளராக இருப்பவள். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரும் எங்கள் பாடசாலைகள் தோட்ட நிருவாகங்களின் கையிலேயே கிடந்து, எழுபதுகளில்தான் அரசுடைமையாகத் தொடங்கின. தோட்டப் பிள்ளைகளுக்கு அந்தச் சமூகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வேண்டும் என்பதற்காக, ஜேர்மனியின் உதவியோடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்தனைக் கல்லூரி உருவானது. நான் அங்கே படித்தது எனக்கு இன்றும் பெருமை.

இக்கல்லூரிகளின் பாடநெறி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கற்பித்துப் பழகுவது. ஆய்வும் கற்பித்தலும் சமூகப் பணியும் ஒன்றாகச் சேரக்கூடிய இடம் இந்த மூன்றாவது ஆண்டுதான் என்பதை நான் நூல்களில் படித்து அறியவில்லை.

என் மேற்பார்வையில் இருந்த ஆசிரிய மாணவி ஒருவர், தலவாக்கலைப் பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றில், தரம் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து வைத்த பல்தர வகுப்பில் கற்பித்தார். பிள்ளைகள் பாடநூலைத் திறந்தால் தடங்கலின்றி வாசிப்பதாகவும், அதே சொற்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் திணறுவதாகவும் அவர் கவனித்திருந்தார். சத்தமாகக் கூடிச் சொல்லிச் சொல்லிப் பாடம் முழுவதும் மனப்பாடமாகியிருந்ததே தவிர, எழுத்து கண்ணில் பதியவில்லை. அதையே அவருடைய செயல்நிலை ஆய்வாக, அதாவது தன் வகுப்பின் சிக்கலைத் தானே ஆராய்ந்து திருத்திப் பார்க்கும் ஆய்வாக, எடுத்துக்கொள்ளச் செய்தேன். வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, பாடத்தில் வராத வரிசையில் சொற்களைக் காட்டி, எந்த எழுத்தில் தடுக்குகிறது என்பதைக் குறித்து, அடுத்த வாரப் பாடத்தை அதற்கேற்ப அமைத்தார். வீட்டில் நாளும் சிறிது நேரமாவது பிள்ளையின் பக்கத்தில் அமருமாறு சொல்லத் தாய்மாரை அழைத்தோம். ஏறக்குறைய யாருமே வரவில்லை.

தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்ற பழிச்சொல் அந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலும் உடனே எழுந்தது. என் தாயும் கொழுந்து பறித்தவர் என்பதால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டம் வைக்கப்பட்டிருந்தது வேலைநாளில், காலை பத்து மணிக்கு. மலையிலிருந்து அந்த நேரத்தில் இறங்கி வருபவருக்கு அன்றைய பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது, விழுந்தாலும் அரைப்பேர்தான். அடுத்த கூட்டத்தைப் பாடசாலையில் வைக்காமல், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்திலேயே, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் ஒத்துழைப்போடு நடத்தினோம். கூடையை இறக்கிவைத்த கையோடு தாய்மார் வந்து நின்று கேட்டார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும், எந்தச் சொல்லைக் காட்டிக் கேட்க வேண்டும் என்பதை மூத்த பிள்ளைகள் மூலம் தெரிந்துகொண்டார்கள். ஆண்டு முடிவில் அவ்வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் புதிய சொற்களைத் தாமாகவே எழுத்துக்கூட்டி வாசித்தார்கள்.

ஒரு வகுப்பில் நடந்ததை வைத்துப் பொதுமுடிவு சொல்லலாமா, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பு இருந்ததா என்று ஆய்வுமுறை அறிந்தவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம், அது பொதுமுடிவு அன்று. பல்கலைக்கழகத் தரம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுவே. இப்படிப்பட்ட அவதானிப்புகள் ஆசிரிய மாணவர்களின் கோவைகளில் ஆண்டுதோறும் குவிந்து, புள்ளியிட்ட பின்னர் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. அவற்றைத் தொகுத்து, பல பாடசாலைகளில் சோதித்து, வலயக் கல்விப் பணிமனைக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் கொண்டுசேர்க்க நேரமும் பயிற்சியும் நூலகமும் வேண்டும். அவை இல்லாத கல்லூரியில் விரிவுரையாளர் எவ்வளவு முயன்றாலும் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது.

உங்கள் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. நான் பாடசாலையில் இருந்த காலத்தில் உயர்கல்வி நிறுவனமொன்றிலிருந்து ஒரு குழு வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய் வினாக்கொத்து நிரப்பினார்கள், பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள், அதிபரிடம் வரவுப் பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். முடிவு என்னவென்று எங்களுக்கு ஒரு பக்கக் கடிதம்கூட வரவில்லை. தம் வீட்டு வறுமையைத் திறந்து சொன்ன தாய்மார் வெகுநாள் என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தார் எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. தன் சொந்தச் செலவில் மலையேறி வந்து எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர்களும் உண்டு. ஆனால் பதவி உயர்வுக்குக் கட்டுரை மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டு, அக்கட்டுரைக்குத் தரவு தந்த பாடசாலைக்குத் திரும்பிச் சென்றது கணக்கில் வராவிட்டால், உயர்த்தப்பட்ட கல்லூரியிலும் அதுவே நடக்கும். விதிமுறை எழுதும் நாளிலேயே இதைச் சேர்க்க வேண்டும்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்குத் தரப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு 10,000 ஆனது. பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதாத அந்தப் பணத்தில், முழு ஆசிரியருக்குரிய நேரசூசியைச் சுமந்துகொண்டு, பயிற்சிக் கலாசாலைக்கும் போய்வந்தார்கள். ஆய்வும் புத்தாக்கமும் பற்றி மேடைகளில் பேசுபவர்கள், அந்த இளைஞர்கள் எப்படி வகுப்பில் நின்றார்கள் என்பதை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் கல்லூரியைத் தெரிவு செய்தாலும் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தாலும், விண்ணப்பிக்குமுன் அங்கே இறுதியாண்டில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். அவருடைய பயிற்சிப் பாடசாலைக்கு விரிவுரையாளர் வந்தாரா, வந்தவர் அதிபர் அறையிலேயே தேநீர் குடித்துவிட்டுப் போனாரா, வகுப்பின் பின்வரிசையில் ஒரு பாடவேளை முழுவதும் அமர்ந்திருந்தாரா என்று கேளுங்கள்.