குழந்தைகளின் மூளைக்காய்ச்சலும் தடுப்பூசியும்: சிறுவர் நல மருத்துவரிடம் கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து ஒரு தாய்: டொக்டர், தாய்வீட்டில் தங்கியிருந்ததால் மகளின் 4 மாத ஊசி தவறிவிட்டது. இப்போது 6 மாதம். மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம் அம்மா. போட்ட ஊசி வீண்போவதில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். 2, 4, 6 மாதங்களில் போடப்படும், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசியில், மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கும் ஹிப் பக்டீரியாவுக்கு எதிரான மருந்தும் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி சில மாதங்களிலேயே குறைந்துவிடுவதால், தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளை போதிய காப்பின்றி இருக்கும் வாரமே. இக்கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் படலத்தைச் சிறு குழந்தையின் உடல் சரியாக இனங்காணாது என்பதால், அதனை ஒரு புரதத்துடன் பிணைத்தே இந்த ஊசியைத் தயாரிக்கிறார்கள். இலங்கையில் 2008 முதல் இது இலவசமாகப் போடப்படுகிறது. 1997இல் இதைத் தொடங்கிய ஆபிரிக்க நாடான காம்பியாவில், சில ஆண்டுகளுக்குள் ஹிப் மூளைக்காய்ச்சல் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்றே, இனிப் பயமில்லைதானே?

நீங்கள் சொல்வது நுளம்பு பரப்பும் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசியாக இருக்கலாம். அது வைரசால் வருவது. இங்கே நாம் பேசுவது, மூளையைச் சூழ்ந்த சவ்வைப் பக்டீரியா தாக்குவதால் வரும் வேறு நோய். ஹிப் மட்டுமல்ல, நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் கிருமிகளாலும் இந்நோய் வரலாம் என்பதால், எல்லா ஊசியும் போட்ட பிள்ளையிடமும் அறிகுறிகளைக் கவனிக்கத்தான் வேண்டும்.

தலவாக்கலையில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா: சாதாரணக் காய்ச்சலிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். குழந்தை அழாதிருக்கும்போது நிமிர்த்தி வைத்து உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். அது புடைத்து இறுகியிருந்தால் ஆபத்து. காய்ச்சலுடன் பால் குடிக்க மறுத்தல், வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, தூக்கினால் கூடுதலாகக் கீச்சிட்டு அழுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பாமல், இரவானாலும் வாகனம் பிடித்து ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பதற்குப் பலர் அஞ்சி மறுக்கிறார்கள். அந்த ஊசி பிள்ளையை முடமாக்காது. கிருமியை இனங்கண்டு தக்க மருந்தைத் தெரிவுசெய்ய உதவுவது அந்த நீர்தான்.

பதுளையிலிருந்து ஒரு தாய்: நோய் குணமாகி வீட்டுக்கு வந்த மகன், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

உடனே செவிப்புலன் பரிசோதனை செய்வியுங்கள். இந்நோய் விட்டுச்செல்லும் பாதிப்புகளில் கேட்கும் திறன் குறைவதே அதிகம். உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால் பின்னர் அங்கே கேட்க உதவும் கருவி பொருத்துவதும் கடினமாகலாம். எனவே பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.