ஷூராவில் முடிவு யாருடையது?

கேள்வி: 'நீர் முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பீராக' என்று குர்ஆனின் 3:159 வசனம் நபி (ஸல்) அவர்களைப் பார்த்துத்தானே சொல்கிறது? அப்படியானால் ஷூரா (கலந்தாலோசித்தல்) வெறும் ஆலோசனை. ஏற்பதும் தள்ளுவதும் தலைவர் விருப்பம். இதைப் போய் ஜனநாயகத்தோடு முடிச்சுப் போடுகிறீர்களே?

பதில்: வசனத்தின் பிற்பகுதியை மட்டும் ஓதினால் அப்படித்தான் தோன்றும். அது இறங்கிய சூழலைப் பாருங்கள். ஹிஜ்ரி 3, உஹதுப் போர். மதீனாவுக்குள் இருந்தபடியே எதிரியைச் சந்திக்கலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் கருத்து. முந்தைய பத்ருப் போரில் கலந்துகொள்ளாத இளைஞர்களோ வெளியே போவோம் என்றார்கள். பெரும்பாலோர் அவர்கள் பக்கம். நபி (ஸல்) கவசம் அணிந்து வந்தார்கள். 'வற்புறுத்திவிட்டோமே' என்று இளைஞர்கள் தயங்கியபோதும், கவசம் அணிந்த நபி போரிடாமல் அதைக் கழற்றுவது தகாது என்று சொல்லிப் புறப்பட்டார்கள். ஊருக்குள்ளேயே இருக்கச் சொன்ன மதீனாத் தலைவர்களில் ஒருவனான அப்துல்லாஹ் பின் உபை, 'சிறுவர்கள் பேச்சைக் கேட்டார்' என்று முறைத்துக்கொண்டு சுமார் 300 பேரோடு பாதி வழியில் திரும்பினான். 70 தோழர்கள் ஷஹீதானார்கள் (இறைவழியில் உயிர்நீத்தார்கள்).

இத்தனைக்கும் பிறகு இறங்கிய கட்டளை என்ன? அவர்களை மன்னியும், அவர்களிடம் கலந்தாலோசியும். 'முடிவு செய்துவிட்டால்' என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. கேட்டு எடுத்த முடிவில் ஊசலாடாதே என்பதே அதன் பொருள். 42:38 வசனமோ தலைவரிடம் பேசவே இல்லை. தொழுகையையும் தானத்தையும் சொல்லும் அதே மூச்சில், கலந்தாலோசிப்பதை மூமின்களின் (இறைநம்பிக்கையாளர்களின்) பொதுப் பண்பாகச் சொல்கிறது.

ஷூராவின் முடிவு தலைவரைக் கட்டுப்படுத்தாது என்ற கருத்து பல அறிஞர்களிடம் உண்டு, மறைப்பதற்கில்லை. அவர்கள் காட்டும் ஆதாரம், மக்காவாசிகளோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கை. ஆனால் தோழர்கள் மனம் ஒப்பாத அந்த உடன்படிக்கைக்கு நபி (ஸல்) இணங்கியது அல்லாஹ்வின் தூதர் என்ற நிலையில் நின்று. இன்றைய எந்த மன்னருக்கும் வஹீ (இறைச்செய்தி) வருவதில்லை.

அதற்காக 'ஷூராதான் ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குவோர் பக்கமும் நான் இல்லை. அடுத்த கலீஃபாவைத் (ஆட்சித் தலைவரைத்) தேர்ந்தெடுக்க இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அமைத்த குழுவில் ஆறே பேர், தவணை மூன்று நாள். பொது வாக்கெடுப்பும் கிடையாது, பதவிக்காலமும் கிடையாது. ஆனால் அதில் இரண்டு பூட்டுகள் இருந்தன. உமரின் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஆலோசனையில் இருக்கலாம், ஆட்சிக்கு வர முடியாது. தேர்வை நடத்திய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) முதலில் தம் போட்டியிலிருந்து விலகினார்; பிறகுதான் மதீனாவாசிகளின் கருத்தை விசாரித்தார். இதில் முதல் பூட்டை நம் தேர்தல் சட்டங்களே கேட்பதில்லை!

எந்த ஷூராவைக் கண்டாலும், உறுப்பினரை நியமிப்பது யார், அவர்கள் 'வேண்டாம்' என்றால் காரியம் நிற்குமா என்று கேளுங்கள். சவூதியின் மஜ்லிஸ் ஷூராவில் (ஆலோசனை மன்றத்தில்) 150 பேர். அத்தனை பேரும் மன்னரின் நியமனம், இறுதிச் சொல்லும் அவருடையதே. கத்தரின் ஷூரா மன்றத்தில் 2021இல் 45 இடங்களில் 30க்குத் தேர்தல் நடந்தது. 2024 நவம்பரில் பொது வாக்கெடுப்பு வைத்து, உறுப்பினர் அனைவரையும் அமீரே (நாட்டின் ஆட்சியாளரே) நியமிக்கும் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.