சந்தோசமாக முடிகிற கதை கேட்பது சின்னப்பிள்ளைத்தனமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 24 வயது. எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது சினேகிதி ஒருத்திக்கு மட்டும் தெரியும். எங்களைப் போன்றவர்களைப் பற்றி நான் வாசித்த கதைகளில் கடைசியில் யாராவது சாகிறார்கள், இல்லையென்றால் பிரிகிறார்கள். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ வாசித்து இரண்டு நாள் அழுதேன். மனம் நிறைய முடிகிற காதல் நாவல்கள் இருக்கின்றனவா? அப்படி ஆசைப்படுவது சின்னப்பிள்ளைத்தனமா? ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. — பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: அன்புத் தங்கச்சி, சின்னப்பிள்ளைத்தனமே இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1913-14இல் ‘மோரிஸ்’ என்ற நாவலை எழுதினார். இரண்டு ஆண்களின் காதல். அவர்கள் கடைசியில் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். சோகமாக முடித்திருந்தால் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று பின்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். சந்தோசமாக முடித்ததால் அந்தக் கையெழுத்துப் பிரதி பூட்டியே கிடந்தது. அவர் இறந்த பிறகு 1971இல்தான் புத்தகமானது. நீங்கள் ஆசைப்படுகிற அதே முடிவுக்காக ஒரு மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்.

‘ஃபனி போய்’ 1983 ஜூலையில் போய் முடிகிற கதை. அதை வாசித்து அழாமல் இருக்க எங்களால் முடியுமா? ஆனால் ஆங்கிலத்தில் ‘ரொமான்ஸ்’ என்ற பெயரில் வருகிற நாவல்களுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு: எவ்வளவு இடைஞ்சல் வந்தாலும் காதலர்கள் சேர வேண்டும். இனிமேல் அந்தச் சொல்லைப் பார்த்து எடுங்கள்.

முதலில் டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022). விவ் என்ற மலை போன்ற உடம்புக்காரி, பல வருடம் வாள் பிடித்துக் களைத்துப்போய், அந்த வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, கோப்பியைக் கண்டறியாத ஓர் ஊரில் கோப்பிக் கடை போடுகிறாள். உதவிக்கு வருகிறவள் டாண்ட்ரி. முதலில் கடைக்கு ஒருவரும் வருவதில்லை. பிறகு கறுவா போட்ட சுருள் பணிஸ் வேகிற வாசம் தெருவுக்குப் போகிறது! சண்டை கொஞ்சம், சாப்பாடு நிறைய. இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டே, அவசரமில்லாமல் ஒருவருக்கொருவர் பழகிப்போகிறார்கள். காதலை இவ்வளவு ஆறுதலாக வளரவிட்ட கதையை நான் அதிகம் வாசித்ததில்லை. ஆங்கிலமும் இலேசானது.

அப்புறம் டி. ஜே. க்ளூனின் ‘த ஹவுஸ் இன் த செருலியன் சீ’ (2020). விதிப்புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாக வாழும் நாற்பது வயது உத்தியோகத்தர் லைனஸ், மந்திரசக்தி உள்ள ஆறு பிள்ளைகள் இருக்கும் தீவு இல்லமொன்றைப் பரிசோதிக்கப் போய், அதை நடத்தும் ஆர்தரிடம் மனதைக் கொடுக்கிறார். அரசாங்க உத்தியோகமே வாழ்க்கை என்று வளர்ந்த எங்களுக்கு லைனஸை உடனே விளங்கும்.

சாப்பாட்டோடு ஊரும் சுற்ற வேண்டுமென்றால் கேசி மெக்விஸ்டனின் ‘த பேரிங்’ (2024). பிரிந்துபோன தியோவும் கிட்டும் நான்கு வருடம் கழித்து, ஐரோப்பாவில் ஒரே உணவுச் சுற்றுலாவில் தற்செயலாக மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு ருசி. யார் அதிகம் பேரை மயக்குவது என்று நடுவில் அவர்கள் போடும் போட்டி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் வரும், அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

வீட்டுப் பயத்துக்கு வருவோம். ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் வாசிப்பதைப் பற்றியவை அல்ல. அவற்றை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டது. ஆனால் அம்மாவின் கண் வேறு விசயம், அது எனக்கும் விளங்கும். போனை வீட்டில் மற்றவர்களும் எடுப்பார்கள் என்றால் வாசிப்புச் செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். கோப்பிக் கடைக் கதை ஒலிநூலாகவும் இருக்கிறது, பால்ட்ரீயே வாசித்திருக்கிறார். காதில் மாட்டிக்கொண்டு முற்றம் கூட்டும்போதும் கேட்கலாம். அந்தச் சினேகிதிக்கும் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுக் கதைக்கலாம்.